தலைவரின் கோப்பையும் அக்காவின் கரண்டியும்

என் அத்தானுக்கு எதையும் சாதாரணமாகச் சொல்ல வராது. லைட் எரியவில்லை என்றால், "எரியல" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிறவர்கள் உலகத்தில் உண்டு. அத்தான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமி, "வெளிச்சம் சார்ந்து ஒரு பிரச்சனை உருவாகியிருக்கு" என்பார். பழைய கார் சங்கத்துக்குத் தலைவரான பிறகு இது முற்றிவிட்டது. இப்போதெல்லாம் அவர் தும்மினால்கூட, முடிந்ததும் யாராவது கைதட்டுகிறார்களா என்று ஒரு நொடி காத்திருக்கிறார்.

அன்று மதியம் கடைக்குப் போன் செய்தது அக்கா.

"டேய், கடையை மூடிட்டு உடனே வா. வரும்போது அந்த வோல்ட் பாக்குற மீட்டரையும் எடுத்துட்டு வா."

"என்னக்கா ஆச்சு?"

"பெரியம்மாவுக்கு இன்னும் கண்ணு தெரியல. சாயங்காலம் ஊர்வலம். உங்க அத்தான் வாயாலயே வைத்தியம் பாத்துட்டிருக்காரு."

எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. என்றாலும் அக்கா கூப்பிட்டது தொழில்முறையில் அல்ல. பெரியம்மா என்பது எங்கள் அப்பா வாங்கிய கார். காலையில் கிளப்பினால் இருமும், முனகும், ஒரு தடவை எழுந்து திரும்பப் படுத்துக்கொள்ளும், பிறகு மனசு வந்தால் புறப்படும். அதனால் அந்தப் பெயர். அக்கா ஓட்டக் கற்றது அதில்தான். கல்யாணமான பிறகும் காய்கறியிலிருந்து கட்டில் வரை எல்லாவற்றையும் அதில்தான் ஏற்றிக்கொண்டு திரிந்தாள். உடம்பெல்லாம் நசுங்கல். ஒவ்வொரு நசுங்கலும் எந்தச் சுவரால் வந்தது என்று அவளால் சொல்ல முடியும்.

அத்தான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அதற்குக் கெட்ட காலம் பிறந்தது. அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, நசுங்கல் எடுத்து, தேய்த்து, பெயிண்ட் அடித்தார். எத்தனை பூச்சு என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடக் கூடாது. சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும். பெயரையும் "மகாராணி" என்று மாற்றினார். அதன் பிறகு அந்தக் கார் சாலையை மிதிக்கவில்லை. கண்காட்சிக்குப் போவதென்றால் போர்வை போர்த்தி லாரியில் போகும். அக்கா பக்கத்தில் போனாலே, "வளையல் உரசப்போகுது" என்று ஷெட்டின் மறுகோடியிலிருந்து குரல் வரும்.

இப்போது சங்கத்தின் மண்டபத்தில் ஒரு கண்ணாடி அறை கட்டியிருந்தார்கள். ஊர்வலம் முடிந்ததும் மகாராணி அதற்குள் போய் நிரந்தரமாக நிற்கப்போவதாக ஏற்பாடு. ஒரே ஒரு சின்னச் சிக்கல். போன மாதம் கமிட்டிக்காரர்கள் விருந்துக்கு வந்தபோது, எல்லோர் முன்னாலும் அக்கா கேட்டுவிட்டாள்: "உள்ள வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது நான் ஓட்டட்டுமா?" நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அத்தான் வள்ளலாகாமல் இருந்தால்தான் ஆச்சரியம். "ரெண்டு லைட்டும் ஒழுங்கா எரிஞ்சா, ஊர்வலத்துல முன்னாடி நீதான் ஓட்டுற. கண்ணாடி ரூம் பத்தி அப்புறமா பேசிக்கலாம்!" என்று அறிவித்தார். லைட் எரியாது என்பது அவருக்குத் தெரியும். எரியாவிட்டால் லாரி, லாரியிலிருந்து நேராகக் கண்ணாடி அறை.

நான் போனபோது லாரிக்காரன் வாசலில் லாரியை நிறுத்திவிட்டு உள்ளேயே காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தான். ஷெட்டில் அக்கா டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தாள், கீழே துண்டு விரித்து. துண்டு அத்தானின் நிபந்தனை.

"வா மாப்ள" என்றார் அத்தான். "நிலைமையைச் சுருக்கமா சொல்லிடறேன்."

"வேண்டாங்க" என்றாள் அக்கா. "அவன் பாத்துக்கட்டும்."

லைட்டைப் போட்டாள். முன்னால் இரண்டும் அணையப்போகிற பீடி முனைபோல் சிவந்தன. அவ்வளவுதான். இண்டிகேட்டரைப் போட்டாள். அது கண் சிமிட்டச் சிமிட்ட, கூடவே ஹெட்லைட்டும் சிமிட்டியது. இன்னொரு கூத்து: பிரைட்டில் போட்டால் மட்டும் எரிய வேண்டிய சின்ன நீல லைட் ஒன்று மீட்டர் பலகையில் உண்டு. டிம்மில் இருக்கும்போதே அது லேசாக எரிந்து, இதில் எனக்குச் சம்பந்தமில்லை என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தது.

"பல்பை மூணு தடவை மாத்திட்டேன்" என்றார் அத்தான். "சுவிட்ச் புதுசு. ஒயரிங் முழுசும் புதுசு. இனிமே மாத்தறதுக்கு ஒண்ணுமே இல்ல மாப்ள."

"டிரைவரை மாத்தலாம்" என்றாள் அக்கா உள்ளேயிருந்து.

பாட்டரியில் மீட்டரை வைத்துப் பார்த்தேன். நிறைவாக இருந்தது. ஹெட்லைட்டுக்குப் பின்னால் பிளக்கில் வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டு வோல்ட் வந்துகொண்டிருந்தது.

"கரண்ட் வருது அத்தான்."

"வருதா? அப்புறம் ஏன் எரியல?"

"அதான் தெரியல."

"அப்போ உன் மீட்டர் சரியில்ல" என்று அந்தப் பிரச்சனையை அவர் தீர்த்துவைத்தார். பிறகு மின்சாரத்தின் குணம் பற்றிப் பேச ஆரம்பித்தார். பழைய வண்டிகளின் மின்சாரம் வேறு, இன்றைய மின்சாரம் வேறு என்று ஒரு புதிய கருத்து அப்போது உருவாகிக்கொண்டிருந்தது. நான் மட்கார்டுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டேன். அங்கே கொஞ்சம் அமைதியாக இருந்தது.

பல் டாக்டர் வருகிற நேரமாகிவிட்டது. அவர்தான் சங்கத்தின் துணைத் தலைவர். ஊர்வலத்துக்கு முன் ஒவ்வொரு வண்டியின் லைட்டையும் பார்த்து அனுமதிக்கிற பொறுப்பு அவருடையது. "தலைவர் வண்டிக்கும் விலக்கு இல்லை" என்று விதி எழுதியதும் எங்கள் அத்தானேதான். எழுதிய அன்று கைதட்டல் பலமாக இருந்ததாம்.

"சரி, லாரியில ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு போட்டோவாவது எடுத்துடு மாப்ள" என்று சொல்லிவிட்டு அத்தான் வீட்டுக்குள் போனார். வரும்போது இரண்டு கையிலும் ஏந்தி அந்தக் கோப்பையைக் கொண்டுவந்தார். மகாராணிக்குப் பெயிண்டுக்காகக் கிடைத்த முதல் பரிசு. குழந்தையைக் குளிப்பாட்டி வைப்பதுபோல் அதை பம்பர் மேல் நிற்கவைத்தார். எழுத்து கேமராவைப் பார்க்கட்டும் என்று சற்றுத் திருப்பி, இடது ஹெட்லைட்டின் வளையத்தில் சாய்த்தார். பிறகு பானெட் மேல் ஒரு விரலை, ஒரே ஒரு விரலை, வைத்துக்கொண்டு வயிற்றை உள்ளே இழுத்தார்.

பளீரென்று எரிந்தது. இரண்டு லைட்டும். என் போன் திரை வெள்ளையாகிவிட்டது. அத்தானின் வயிறு தன் இடத்துக்குத் திரும்பியது.

"எரியுதுங்க!" என்று அக்கா கத்தினாள்.

அத்தான் தன் விரலைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். மறுபடி விரலைப் பார்த்தார். முகத்தில் ஞானம் பரவியது.

"தொட்டேன்" என்றார் மெல்ல. "தொட்டதும் எரியுது. மாப்ள, நான் எத்தனையோ தடவை மேடையில சொல்லியிருக்கேன். வண்டிக்கும் அதை உருவாக்கினவனுக்கும் நடுவுல ஒரு பந்தம் இருக்குன்னு. யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல" என்றேன், உண்மையை.

"என் கை படாம இது எரியாது. அப்படின்னா..." அவர் அக்கா பக்கம் திரும்பினார். குரலில் வருத்தம் வழிந்தது. "மன்னிச்சுக்கோ. இதை ஓட்டறதா இருந்தா நான்தான் ஓட்டணும்போல. இது என் ஆசை இல்ல. வண்டியோட விருப்பம்."

அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த பிடியைப் பார்த்தேன். விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. அத்தான் கோப்பையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். லைட் அவிந்தது.

"பாத்தியா! நான் நகர்ந்ததும்..."

"திரும்பத் தொடுங்க" என்றாள் அக்கா.

தொட்டார். ஒன்றும் இல்லை. உள்ளங்கையை வைத்தார். தட்டிக்கொடுத்தார். கோப்பையை ஓரமாக வைத்துவிட்டு இரண்டு கையாலும் பானெட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். அந்த நிலையில் அவரைப் பார்த்த லாரிக்காரன், யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்து இறங்கி ஓடிவந்தான்.

"கப்பை எடுத்து, முன்னாடி வச்ச மாதிரியே வைங்க" என்றாள் அக்கா.

வைத்தார். எரிந்தது.

"இப்போ நீங்க தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றார். எரிந்தது.

"வாசலுக்குப் போங்க."

"எதுக்கு?"

"போங்களேன்."

வாசலுக்குப் போனார். எரிந்தது. லாரிக்குப் பின்னால் போய் மறைந்து நின்றார். இன்னும் நன்றாகவே எரிந்ததுபோல் எனக்குத் தோன்றியது.

"உங்களை அது கண்டுக்கவே இல்லைங்க" என்று அக்கா உரக்கச் சொன்னாள். "கப்பைத்தான் தேடுது."

அத்தான் சோர்ந்துவிடுகிற ஆள் இல்லை. லாரியைச் சுற்றித் திரும்பி வருவதற்குள் அடுத்த தத்துவம் தயாராகிவிட்டது. "யோசிச்சுப் பாரு. தனக்குக் கிடைச்ச பரிசை அது அடையாளம் கண்டுக்குது. கௌரவம்னா என்னன்னு இதுக்குப் புரியுது."

அக்கா காரிலிருந்து இறங்கினாள். விறுவிறுவென்று சமையலறைக்குப் போனாள். குழம்புக் கரண்டியோடு திரும்பிவந்தாள். கோப்பையை எடுத்து அத்தான் கையில் கொடுத்துவிட்டு, கரண்டியின் காம்பை பம்பரில் ஊன்றி, தலையை ஹெட்லைட் வளையத்தில் சாய்த்தாள்.

பளீர்.

லாரிக்காரன், "கரண்டிக்கு இன்னும் கொஞ்சம் பிரைட்டா இருக்கு சார்" என்றான். அவனை யாரும் கேட்கவில்லை.

கரண்டியைப் பார்த்ததும்தான் எனக்கு மண்டையில் உறைத்தது. வருகிற கரண்டை அளந்தேனே தவிர, திரும்பிப் போகிற கரண்டை அளக்கவில்லை. பாட்டரியிலிருந்து கிளம்புகிற கரண்ட் ஹெட்லைட்டில் வேலையை முடித்துவிட்டு, காரின் இரும்பு உடம்பு வழியாக பாட்டரிக்கே திரும்ப வேண்டும். அதற்குத்தான் எர்த் ஒயர் என்று ஒன்று. இந்த வண்டியில் இரண்டு ஹெட்லைட்டுக்கும் சேர்த்து ஒரே எர்த், இடது மட்கார்டின் உட்பக்கம் ஒரு போல்ட்டில் முறுக்கியிருக்கும். கரண்டியை எடுத்துவிட்டு, மீட்டரின் ஒரு முனையை ஹெட்லைட்டின் வளையத்திலும் மறுமுனையை பாட்டரியின் எர்த்திலும் வைத்தேன். எர்த் சரியாக இருந்தால் ஒன்றும் காட்டக் கூடாது. முள் எழுந்து போய் மறுகோடியில் நின்றது.

டார்ச்சை வாங்கி மட்கார்டுக்குள் மறுபடி தலையை விட்டேன். போல்ட் இருந்தது. ஒயர் இருந்தது. இரண்டுக்கும் அடியிலும், நடுவிலும், மேலேயும் பெயிண்ட் இருந்தது. கண்ணாடி மாதிரி வழவழவென்று அப்படி ஒரு பெயிண்ட். அதில் என் முகம் தெரிந்தது. தலையில் ஒட்டியிருந்த நூலாம்படைகூடத் தெரிந்தது.

"அத்தான், இந்த இடத்துக்குமா பெயிண்ட் அடிச்சீங்க?"

"பின்ன? ஒயரைக் கழட்டிட்டு அடிச்சேன், மாட்டிட்டு மறுபடி அடிச்சேன். மல்லாந்து படுத்து அடிச்சேன் மாப்ள! முதுகு என்னுது இல்லைன்னு ஆயிடுச்சு. எதுக்குப் பரிசு கொடுத்தாங்கன்னு நினைக்கிற?"

கோப்பையை நீட்டினார். அதில் பொறித்திருந்தது: "கண் படாத இடத்திலும் குறையில்லாத வண்ணத்துக்காக." நடுவராக வந்திருந்த பல் டாக்டர், வாய்க்குள் விடுகிற குட்டிக் கண்ணாடியை மட்கார்டுக்குள் விட்டுப் பார்த்து அசந்துபோனாராம்.

"பெயிண்ட் வழியா கரண்ட் போகாது அத்தான். வீட்டுக்குப் போக வழியில்லாம, இண்டிகேட்டர் வீடு, நீல லைட் வீடுன்னு அக்கம்பக்கத்துல புகுந்து சுத்திட்டிருக்கு. கரண்டி வச்சதும் பம்பர் வழியா குறுக்குவழி கிடைச்சிடுச்சு."

"சரி. அதனால?"

"அதனால ஒரு காசளவு இடத்துல பெயிண்டைச் சுரண்டணும்."

நான் ஏதோ அவருடைய முதுகுத் தோலைக் கேட்டதுபோல் அத்தான் இரண்டடி பின்வாங்கினார். "சுரண்டறதா? முதல் பரிசு வாங்கின பெயிண்டையா?"

"யாருக்கும் தெரியாதுங்க. உள்பக்கம்தானே" என்றாள் அக்கா.

"எனக்குத் தெரியுமே!"

இதில் ஒரு நியாயம் இருந்தது என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் கொஞ்ச நேரம் முன்னும் பின்னும் நடந்தார். பிறகு நிதானமாக, கமிட்டியில் தீர்மானம் போடுகிற குரலில் சொன்னார்: "கரண்டியைக் கட்டிட்டுப் போலாம்."

பழைய கார் சங்கத்தின் தலைவர், முப்பது வண்டிகளுக்கு முன்னால், பம்பரில் குழம்புக் கரண்டியோடு போகத் தயாராகிவிட்டார். எங்கே அவர் மனசு மாறிவிடுமோ என்று அக்கா ஓடிப்போய்க் கயிறு கொண்டுவந்து கட்டினாள். சாவிக்காகக் கை நீட்டியபோது வாசலில் ஹாரன் கேட்டது.

பல் டாக்டர் இறங்கினார். வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. யாருடைய வாயையோ திறந்துவைத்துவிட்டு வந்திருக்கிறார். லைட்டைப் பார்த்தார். தலையாட்டினார். கொஞ்சம் குனிந்தார்.

"தலைவரே, இது என்ன?"

"அது ஒரு... இணைப்புச் சாதனம்."

"கரண்டி மாதிரி இருக்கு."

"தோற்றத்தை வச்சு முடிவு பண்ணக் கூடாது டாக்டர்."

"வண்டியோட கம்பெனியில இருந்து வந்த பாகமா இது? ஏன் கேக்கறேன்னா, வெளிப்பக்கம் வேற எந்தப் பொருளும் இருக்கக் கூடாதுன்னு விதி இருக்கு. நீங்க எழுதினதுதான். நல்லா எழுதியிருக்கீங்க." டாக்டர் பேசப் பேச அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. "பரவாயில்ல, வண்டி லாரியில வரட்டும். யாராவது ஒருத்தர் முன்னாடி போயாகணுமே, நான் போறேன். என் வண்டியைக் காலையிலயே கழுவி வச்சுட்டேன்."

அக்கா ஒரு கையால் கரண்டியின் முடிச்சை மெதுவாக அவிழ்க்க ஆரம்பித்தாள். அத்தானைப் பார்க்கவே இல்லை. சாவிக்காக நீட்டிய கை மட்டும் அப்படியே இருந்தது.

அத்தான் அந்தக் கையையும் பார்த்தார். டாக்டரின் வண்டியையும் பார்த்தார். இரண்டில் எது அவரை அசைத்தது என்று நான் சத்தியம் செய்யத் தயாராக இல்லை. அக்காவிடம் கேட்டால் தன் கை என்பாள். எனக்கென்னவோ டாக்டரின் வண்டிக்கும் பாதிப் பங்கு உண்டு.

"சுரண்டிடலாம்" என்றார்.

"சுரண்டப் போறீங்களா?" என்றார் டாக்டர். "நீங்களா? அந்தப் பெயிண்டையா?"

ஊர்வலத்தில் முன்னால் போவதா, தலைவர் தன் பெயிண்டைத் தானே சுரண்டுவதைக் கண்ணால் பார்ப்பதா என்று அவர் மனசுக்குள் ஒரு சின்னப் போர் நடந்தது. கோட்டுப் பையிலிருந்து பல் சுரண்டுகிற கொக்கியை எடுத்து நீட்டினார். "இதை எடுத்துக்குங்க. கூர்மையா இருக்கும். வலிக்காது."

வேறு யாரையும் தொடவிடவில்லை அத்தான். வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு அவரே மல்லாந்து படுத்தார். நான் போல்ட்டைக் கழற்றிக் கொடுத்தேன். டாக்டர் மண்டியிட்டு, குட்டிக் கண்ணாடியை உள்ளே விட்டு, பழக்க தோஷத்தில், "இன்னும் கொஞ்சம் அகலமா... ஆங்... அவ்வளவுதான், முடிஞ்சிடுச்சு" என்று தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் கீறல் விழுந்தபோது அத்தானிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. டாக்டர் அனிச்சையாக அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். பிறகு காசளவுக்கு இரும்பு பளிச்சென்று வெளியே வந்தது. ஒயரை வைத்துப் போல்ட்டை முறுக்கினேன்.

"ஏறி லைட்டைப் போடுக்கா."

போட்டாள். கோப்பை இல்லை, கரண்டி இல்லை. எதிர்ச்சுவரில் இரண்டு வெள்ளை வட்டங்கள் நிமிர்ந்து நின்றன. இண்டிகேட்டர் தனியாகச் சிமிட்டியது. நீல லைட் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு அணைந்திருந்தது.

அத்தான் எழுந்து, கையைத் துடைத்து, சாவியை அக்காவிடம் கொடுத்தார். "பள்ளம் பாத்துப் போகணும். பிரேக்கை மெதுவா மிதிக்கணும். கியர் மாத்தும்போது..."

"ஏறுங்க" என்றாள் அக்கா.

பெரியம்மா இருமியது. முனகியது. ஒரு தடவை படுத்து எழுந்தது. புறப்பட்டது.

பொழுது சாய்கிற நேரத்தில் ஊர்வலம் கிளம்பியது. அக்கா ஓட்ட, பக்கத்தில் அத்தான் மடியில் கோப்பையோடு, பின்சீட்டில் நான் கரண்டியோடு. எங்களுக்குப் பின்னால் டாக்டர், அவருக்குப் பின்னால் மற்றவர்கள். வரிசையை விட்டு யாரும் விலகக் கூடாது, தலைவர் வண்டியை யாரும் முந்தக் கூடாது. இதுவும் அத்தானின் விதிதான். அவர் வழியெல்லாம் கையசைத்துக்கொண்டு வந்தார். சாலையோரத்தில் பெரும்பாலும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள்தான் நின்றார்கள். அவர் பாகுபாடு பார்க்கவில்லை.

பெரிய ரவுண்டானா வந்தது. இடது பக்கம் திரும்பினால் சங்கத்தின் மண்டபம், கண்ணாடி அறை, மாலையோடு கமிட்டி. அக்கா இண்டிகேட்டர் போடவில்லை.

"மண்டபம் இந்தப் பக்கம்" என்றார் அத்தான்.

"தெரியும்."

"அப்போ எங்க போற?"

"லைட்டு எவ்வளவு தூரம் தெரியுதுன்னு பாக்க வேண்டாமா? நாலு வருஷமா சுவரைத்தானே பாத்துட்டிருக்கு."

நேராக விட்டாள். ஊருக்கு வெளியே போகிற சாலை. அத்தான் பதறித் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். டாக்டர் மண்டபத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தபடி பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஒவ்வொரு வண்டியாக ரவுண்டானாவைத் தாண்டி, முப்பது ஜோடி லைட்டும், விதி மீறாமல், வரிசை கலையாமல், இருட்டத் தொடங்கிய சாலையில் நீண்டுகொண்டே வந்தன.

அத்தான் அந்தக் காட்சியைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். முன்பக்கம் திரும்பி உட்கார்ந்து, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, முன்னேறுங்கள் என்று சைகை காட்டினார்.

"ரொம்ப நாளா யோசிச்சு வச்சிருந்த பாதை இது" என்றார் என்னிடம்.

அக்கா பிரைட்டில் போட்டாள். பெரியம்மா இருமலை மறந்து ஓடியது. ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது அத்தான் கண்ணை மூடிக்கொண்டாரே தவிர, வாயைத் திறக்கவில்லை. பெட்ரோல் பங்க்கில்தான் வண்டியை நிறுத்தினாள், அதுவும் டாக்டரின் வண்டிக்குத் தாகம் எடுத்துவிட்டதால். எல்லோரும் இறங்கியபோது நான் கண்ட காட்சி: அத்தான் டார்ச்சும் கையுமாக மட்கார்டுக்கு அடியில் ஒவ்வொருவரையும் குனியவைத்துக்கொண்டிருந்தார்.

"எட்டிப் பாருங்க. அந்த இரும்பு தெரியுதா? அசல் இரும்பு. பெயிண்ட் யார் வேணாலும் அடிக்கலாங்க. எங்க அடிக்கக் கூடாதுன்னு தெரிஞ்சவன்தான்..."

டாக்டர் குட்டிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்று ஆமாம் போட்டார்.

மண்டபத்தில் கண்ணாடி அறையை வீணாக்கக் கூடாது என்று கோப்பையைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். ஒரு கார் நிற்கிற இடத்தில் அது மட்டும் நடுவே நிற்கிறது. பார்க்கிறவர்கள் மற்றதெல்லாம் எங்கே என்று கேட்கிறார்கள். பெரியம்மாவில் அக்கா காய்கறி வாங்கப் போகிறாள். கதவில் புதிதாக ஒரு நசுங்கல் விழுந்திருக்கிறது. எந்தச் சுவர் என்று அவளுக்குத் தெரியும். அத்தான் இன்னும் கேட்கவில்லை. கரண்டி டிக்கியில் ஜாக்கிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதற்கு எதிராக அவர் இதுவரை எந்த விதியும் எழுதவில்லை.